வடமேற்கு மூலை

"மூணு புள்ளி ஒண்ணு ரெண்டு" என்று சாரத்தின் மேலிருந்து கத்தினேன். டேப்பில் இருந்தது மூன்று புள்ளி இரண்டு மூன்று மீட்டர். பதினொரு சென்டிமீட்டர், என் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் நான் முழுங்கியது. சொல்லி முடித்த பிறகுதான் பொய் என்று உறைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அப்படியில்லை, டேப்பை இழுத்துப் பிடித்து, கோடு கல்விளிம்பில் வந்து உட்கார்ந்து, கண்ணுக்கு எண் தெரிந்து, வாய் திறப்பதற்குள் ஒரு மூச்சுக்கு இடம் இருந்தது, அந்த ஒரு மூச்சில்தான் தீர்மானித்தேன். கீழே குழலி தலையை நிமிர்த்தினாள். "இன்னொரு தடவை பாரு தாணு." பார்த்தேன். எண் எங்கேயும் போகவில்லை, கறுப்பு எழுத்தில் அங்கேயே இருந்தது. "அதேதான். மூணு புள்ளி ஒண்ணு ரெண்டு." டேப்பின் மறுமுனையைச் சுவரில் அழுத்திப் பிடித்திருந்த அர்தவாஸ்த் கையை எடுத்தான், டேப் சர்ரென்று ஓடிவந்து பெட்டிக்குள் புகுந்து என் கட்டைவிரலைக் கடித்தது. குழலி எழுதினாள். எழுதிவிட்டுப் பென்சிலை நோட்டிலேயே ஊன்றியபடி நின்றாள், மேலிருந்து பார்க்கும்போது அவள் வகிடு மட்டும்தான் தெரிந்தது, வகிட்டுக்கு இரண்டு பக்கமும் நரை, முகம் தெரியவில்லை, முகம் தெரிந்திருந்தால் ஒருவேளை அப்போதே சொல்லியிருப்பேன். "சரி" என்றாள், அந்த ஒரு சொல்லை இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "நீ மேலேயே இரு. அந்தக் கல்லுல கொத்தனாருங்க வெட்டின அடையாளம் இருக்கு பாரு, தாளை வச்சுப் பென்சிலால தேச்சு எடுத்துடு. நாங்க கீழ கணக்குப் பாக்கறோம். ஒரு மணிக்கு இரும்புப் பட்டறைக்குப் போன் பண்ணி அளவு சொல்லணும்." நாங்க என்றாள். அர்தவாஸ்த் ஏணியில் இறங்கிப் போனான். அவர் என்றுதான் சொல்லவேண்டும், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இந்த நாட்டில் பழைய கோயில்களைப் பழுதுபார்ப்பதில் பெரிய கை, ஆனால் மனதுக்குள் எனக்கு அவன்தான்.

இது கிறிஸ்தவ தேவாலயம், கோயில் என்றுதான் எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் இதையும் சொல்வோம். ஆர்மீனியாவில் ஒரு மலைச்சரிவில், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது, குவிமாடம் எப்போதோ ஒரு நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது, நாலு சுவரும் மூலைகளும் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கல் இளஞ்சிவப்பு, எரிமலைக் குழம்பு ஆறிப்போன கல், கையில் எடுத்தால் பார்ப்பதைவிட லேசாக இருக்கும், உள்ளே முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை. கீழே சதுரம், மேலே வட்டம், அதுதான் இங்கே பிரச்சினை, குழலி பதினைந்து வருஷமாகச் சோறு தண்ணி மறந்து சுற்றிவருகிற பிரச்சினை. நம் ஊர்க் கோயிலில் பாரம் நேரே கீழே இறங்கும், கல்மேல் கல், தூண்மேல் உத்தரம், யாரும் யாரையும் தள்ளுவதில்லை. இங்கே வட்டமான குவிமாடத்தைச் சதுரத்தின்மேல் உட்கார வைக்க வேண்டும், அதற்காக நாலு மூலையிலும் விசிறியைக் கவிழ்த்த மாதிரி ஒரு வளைவு கட்டுவார்கள், மூலை வளைவு, சதுரம் எண்கோணமாகி அதற்குமேல் வட்டமாகும். நாலில் மூன்றை அளந்தாயிற்று. மூன்று புள்ளி ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, ஒன்று ஒன்று. நாலாவதுதான் இது, வடமேற்கு. ஸ்கேனர் மிஷின் பழுதாகிப் பக்கத்து நாட்டுத் திபிலிசிக்குப் போயிருக்கிறது, திரும்பி வருவதற்குள் பனி விழுந்துவிடும், அதனால் பதினொரு நாளாகக் கையால் அளக்கிறோம், எண்ணைச் சொல்வது நான், எழுதுவது அவள்.

அவள் சொல்வது இதுதான். இதைக் கட்டியவன் தரையில் கயிறு பிடிக்கும்போதே தப்பு பண்ணிவிட்டான், வடமேற்குத் தூணை ஒரு கை தள்ளி வைத்துவிட்டான், சுவர் பாதி உயர்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறான், இடித்துக் கட்ட நேரமில்லையோ துணிச்சல் இல்லையோ, அந்த ஒரு மூலை வளைவை மட்டும் அகலமாகப் போட்டுக் கோணல் சதுரத்தின்மேல் சரியான வட்டத்தை உட்கார வைத்துவிட்டான். அளந்து நிரூபித்தால் போதும், புத்தகத்தில் படித்த எல்லாரும் தலையைச் சொறிவார்கள், ஏனென்றால் எல்லாரும் நாலு வளைவும் ஒரே அச்சு என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் என்றுகூட இல்லை, இவன் என்றுதான் சொல்கிறாள் குழலி, ரொம்பத் தெரிந்தவனைப்போல. "இந்த எடத்துல இவன் பயந்திருக்கான் பாரு" என்று நேற்றுச் சாயங்காலம் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னாள், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல, நான் பக்கத்தில்தான் நின்றேன், பேர்கூடத் தெரியாத ஒரு செத்தவன்மேல் எனக்கு வயிறு எரிந்தது. யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. நான் பயந்த இடங்கள் எத்தனை, அவள் கையை வைத்துப் பார்த்ததுண்டா, மார்த்தாண்டத்தில் கல்யாண மண்டபம் கட்டும்போது கான்கிரீட் போட்ட ராத்திரி நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன், அவள் சென்னையில் இருந்தாள், போனில் "ஒண்ணும் ஆகாது, தூங்கு" என்றாள். இவனுக்கு மட்டும் ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஒருத்தி வந்து எங்கே பயந்தாய் என்று கேட்கிறாள். அதுவும் என் பெண்டாட்டி.

தாளைக் கல்மேல் வைத்துத் தேய்க்கிறேன். ஒரு எழுத்து மெல்ல மேலே வருகிறது, கொக்கி மாதிரி, ஆர்மீனிய எழுத்தில் ஏதோ ஒன்று, ஒவ்வொரு கொத்தனாருக்கும் ஒரு அடையாளமாம், இது நான் செதுக்கிய கல் என்று சொல்ல. என் மண்டபத்தில் என் பெயர் எங்கேயும் இல்லை, கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது. காற்று சாரத்துக் குழாய்களுக்குள் புகுந்து ஊதுகிறது, குழாய் ஐஸாக இருக்கிறது, கீழே பார்க்கக்கூடாது. பார்க்கிறேன். இரண்டுபேரும் ஒரு விழுந்த கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள், வரைபடத்தைத் தொடையில் விரித்து, பாதி அவள் தொடையில், பாதி அவன் தொடையில். காற்றுக்குப் பறக்காமல் இருக்கத்தான், வேறென்ன. அவன் ஒரு மூலையைப் பிடித்திருக்கிறான், அவள் ஒரு மூலையை. அவளை "குழலி ஜான்" என்று கூப்பிடுகிறான். விமானத்திலிருந்து இறங்கிய முதல் நாள் அதைக் கேட்டேன், ஜான், ஜான் என்றால் உயிர், இந்திப் பாட்டில் கேட்டிருக்கிறேனே, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என்னையும் தாணு ஜான் என்றான். டிரைவரையும் ஜான் என்றான். ரொட்டி விற்கிற கிழவி அவனையே ஜான் என்றாள், தெருநாயை ஒரு குழந்தை ஜான் என்று கூப்பிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, அதற்குப் பிறகுதான் அதிகமானது, ஏனென்றால் ஜான் என்பதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு வேறு எதில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன், அவன் ஒரு கல்லைத் தட்டினால் அவள் காதைத் திருப்புகிற விதத்தில், அவள் பாதி சொன்னதும் அவன் மீதியைக் கோடாகப் போட்டுக் காட்டுவதில். அவர்களுக்குள் அந்த மாதிரி ஒன்றும் கிடையாது, எனக்குத் தெரியும், அது இருந்தால்கூட நான் கத்தலாம், அடிக்கலாம், ஊருக்குப் போய் நாலுபேரிடம் சொல்லி அழலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வேன், என் பெண்டாட்டி ஒரு மூலை வளைவைப் பற்றி இன்னொருத்தனிடம் சந்தோஷமாகப் பேசுகிறாள் என்றா.

கல்லூரியில் வரைவதில் நான்தான் முதல். ஐந்து வருஷமும். குழலியின் கோடு நடுங்கும், என் ஷீட்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அதன்மேல் அவள் ஷீட்டை வைத்து வெளிச்சத்தில் படியெடுப்பாள், தென்காசியிலிருந்து இரண்டு பின்னலோடு வந்தவள், "தாணு, ஒன் கைய ஒரு நாளைக்குக் கடன் குடேன்" என்பாள். தங்கப் பதக்கம் எனக்கு. கல்யாணத்தில் எங்கள் பேராசிரியர் அவளிடம், நல்ல கையைப் பிடித்துவிட்டாயம்மா என்றார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் நான் ஊரோடு போனேன், மண்டபம், கடைக்கட்டடம், வளைகுடாவில் இருப்பவர்களின் வீடுகள், முன்பக்கம் தூண் வேண்டும் சார், நாலு தூண், உருண்டையா. அவள் மேலே படித்தாள். நூலகத்தில் ஏதோ ஒரு படத்தில் இந்த மாதிரிக் கோயில் ஒன்றைப் பார்த்தாளாம், கரடுமுரடான மலையில் கூர்மையான தொப்பி போட்ட ஒரு கல், அந்த நாளோடு என்னை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதினால் தப்பு, வாரம் தவறாமல் ரயிலேறி வந்தாள், மகளுக்குப் பரீட்சை என்றால் ஒரு மாதம் லீவு போட்டாள், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கோபமாக வருகிறது, குறை சொல்ல ஒன்றை வைத்தாளா. அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன், கடைசி பெஞ்சு. ஒரு கேள்வி கேட்டார்கள், குவிமாடம் விரிந்து தள்ளுகிற பாரம் எங்கே போய்த் தீர்கிறது என்று, அவள் தடுமாறினாள், எச்சில் விழுங்கினாள், தண்ணீர் டம்ளரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். எனக்குப் பதில் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எனக்குள் ஏதோ ஒன்று வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி லேசாக ஆனது. பத்து நொடி இருக்கும். அப்புறம் அவள் பதில் சொல்லிவிட்டாள், நான் நினைத்ததைவிட நல்ல பதில். எல்லாரும் கைதட்டியபோது நானும் தட்டினேன், எல்லாரையும்விட அதிக நேரம். புத்தகம் வந்தபோது நன்றியுரையில் எழுதினாள், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்த என் கணவர் தாணுமாலயனுக்கு என்று. மாமனார் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள், என்ன தாணு, மறுமுனையெல்லாம் சௌக்கியமா.

பதினொரு சென்டிமீட்டர். பெரிய விஷயமில்லை. அவள் கட்டுரை போகும், போகட்டும், வேறு எழுதுவாள். இப்படி ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இன்னொரு பக்கம் வேறொன்று ஓடுகிறது, பட்டறை, ஒரு மணி, போன். இந்த வளைவு ஒரு பக்கம் பிளந்திருக்கிறது, பனிக்கு முன்னால் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும், நம் ஊர் சென்ட்ரிங் மாதிரிதான், கியும்ரி ஊர்ப் பட்டறையில் வெட்டி ஒட்டிக் கொண்டுவருவார்கள். நான் சொன்ன எண்ணுக்குச் செய்தால் அது வளைவைவிடச் சின்னதாக இருக்கும். இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் மேஸ்திரி என்ன செய்வான், திருப்பி அனுப்பவா செய்வான், மரக்கட்டையைத் திணித்துச் சுத்தியால் தட்டுவான், உலகம் முழுக்க மேஸ்திரி அதைத்தான் செய்வான். தட்டினால் இந்தக் கல் நகரும். என் கை இப்போது இருக்கிற இந்தக் கல், கொக்கி எழுத்துக் கல். எனக்கு இது தெரியாதா, என் மண்டபத்தில் மேஸ்திரி ஏசுவடியான் இப்படித்தான் கட்டை திணித்தான், நான்தான் திணி என்றேன், கட்டை வழுக்கிச் சட்டம் அவன் காலில் இறங்கியது, இரண்டு விரல் போயிற்று, ஆஸ்பத்திரியில் அவன் என்னைப் பார்த்து, "பரவால்ல சார், பெருவிரல் இருக்கு" என்றான். அப்போதும் குழலிதான் ரயிலேறி வந்தாள், அவன் வீட்டுக்கு என்னோடு வந்தாள், அவன் பெண்டாட்டி திட்டியதையெல்லாம் என் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டாள். கீழே அர்தவாஸ்த் சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கிறான். மணி ஒன்றாகவில்லை, பன்னிரண்டே முக்கால்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணைத் தேடுகிறான். குழலி வரைபடத்தைச் சுருட்டுகிறாள். சந்தோஷமில்லாமல் சுருட்டுகிறாள், ஓரம் சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி சுருட்டுகிறாள். நான் நினைத்திருந்தேன், இதைப் பார்க்க எனக்கு அந்தப் பத்து நொடி மாதிரி இருக்கும் என்று. அப்படி ஒன்றும் வரவில்லை, அவன் போனைக் காதில் வைத்துவிட்டான்.

"நிறுத்து" என்று தமிழில் கத்தினேன். இரண்டுபேரும் மேலே பார்த்தார்கள். "நம்பர் தப்பு. நான் தப்பாப் படிச்சுட்டேன். மூணு புள்ளி ரெண்டு மூணு." ஏணியில் வேகமாக இறங்கினேன். அதற்குள் அவள் சாரத்தடிக்கு வந்துவிட்டாள். "என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு." சொன்னேன். அவள் நோட்டைத் திறந்து பழையதை அடித்து எழுதினாள், எழுதும்போதே பென்சில் முனை உடைந்தது, சிரித்தாள், ஐம்பது வயதை நெருங்குகிற பெண் ஒற்றைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றியதை அன்றுதான் பார்த்தேன். அர்தவாஸ்திடம் ஏதோ சொன்னாள், அவன் போனில் ஏதோ சொல்லி வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னிடம் வந்து, தாணு ஜான் என்று கட்டிக்கொண்டான், அவன்மேல் புகையிலையும் கல்தூசியும் நாறின. "அவர்ட்ட சொன்னேன்," என்றாள் குழலி, "இவனா இருக்கக்கொண்டு மறுபடி பாத்தான், வேற யாராயிருந்தாலும் விட்டிருப்பாங்கன்னு. தாணு, கேட்டியா, இந்தக் கட்டுரையில ஒன் பேரையும் போடப்போறேன். நன்றியில இல்ல. மேல. என் பேருக்குப் பக்கத்துல." அவள் கண் நிறைந்திருந்தது. இருபது வருஷமாக நான் கேட்காமல் கேட்டது அதுதான், அவளுக்கு அது தெரிந்திருந்தது, எப்போதிலிருந்து தெரியும் என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டிருக்கலாம். தலையை ஆட்டினால் போதும். குழலி, தாணுமாலயன் என்று அச்சில் வரும், மாமனார் ஜெராக்ஸ் எடுப்பார். தலையை ஆட்டத்தான் போனேன், கழுத்து அசையவில்லை.

"தப்பாப் படிக்கல குழலி."

"என்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, அதைக் கழற்றி வைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. "ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அர்தவாஸ்த் எங்கள் இரண்டுபேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது, ஜன்னல் கண்ணாடி, கடைசி பெஞ்சு, மறுமுனை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பினாள், இன்னொன்று, இன்னொன்று, பதினொரு நாள், நான் சொன்னதும் அவள் எழுதியதும், கிழக்கு மாடம், தெற்கு வாசல், தூண்கள், சாளரங்கள்.

"வேற எத்தனை?" என்றாள்.

"இது ஒண்ணுதான். சத்தியமா இது ஒண்ணுதான் குழலி."

"ம்" என்றாள். அர்தவாஸ்திடம் அவர்கள் பாஷையில் இரண்டு வாக்கியம் சொன்னாள், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, இன்றைக்குவரை தெரியாது, என்னைக் காட்டிக்கொடுத்தாளா மூடி வைத்தாளா, அவன் என்னைப் பார்க்காமல் போனை எடுத்துப் பட்டறைக்கு வேலையைத் தள்ளிப்போடச் சொன்னான், அதுமட்டும் தொனியில் புரிந்தது. "டேப்பக் குடு" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். கிழக்கு மாடத்துக்குப் போனார்கள், அங்கேதான் பதினொரு நாளைக்கு முன்னால் முதல் அளவு எடுத்தோம். அவன் ஒரு முனையைப் பிடித்தான், அவள் எண்ணைப் படித்தாள், நோட்டில் நான் சொன்னதைப் பார்த்தாள், டிக் போட்டாள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன், கையில் ஒன்றுமில்லாமல். இரண்டாவது சரி. மூன்றாவது சரி. ஒவ்வொன்றும் சரியாக வரவர எனக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, பாரு, எல்லாம் ஒழுங்காத்தான் சொல்லியிருக்கேன், பாரு, என்று மனதுக்குள் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பதினேழாவது அளவு தெற்கு வாசல் நிலைக்கல். அதில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. டேப் தொய்ந்திருக்கும், அன்று காற்று, யாருக்கும் வருகிற தப்பு. அவள் இரண்டு தடவை அளந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அது நிஜமாகவே தெரியாமல் வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதிவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனாள்.